நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பெயர்

"பேரு வேண்டாமுங்க ரோஸ்மேரியம்மா. நான் சொல்றதக் கொஞ்சம்..."

"பேரு இல்லாம இந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது அண்ணாச்சி. இதுல பேசுததுக்கு..."

"பேசித்தானுங்க ஆகோணும். ஒரு பொம்பளைய ஊரு முன்னால நிறுத்தி வெக்கறதுக்கா மூணு வருசம் ஒக்காந்து எழுதுனோம்?"

காதர்பேட்டையில் பனியன் அட்டைப்பெட்டியும் லேபிளும் அச்சடிக்கிற கடை அது. முதல் தடவையாக ஒரு புத்தகத்துக்கு ஒப்புக்கொண்ட முதலாளி அருள்செல்வன், ஐந்து மணிக்குள் திருத்தம் பார்த்துக் கொடுங்கள், தவறினால் தீபாவளி லேபிள் வேலை உள்ளே வந்துவிடும், அப்புறம் பொங்கலுக்குத்தான் என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார். மணி நாலே முக்கால்.

கந்தவேல் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். ரோஸ்மேரி அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வேலையை விட்ட பிறகு இருவருமாகச் சேர்ந்து யூத நம்பிக்கையைப் பற்றி 'நூலும் நோன்பும்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பதிப்பகங்கள் கையை விரித்துவிட்டதால் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அட்டையில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில்.

தகராறெல்லாம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பெல்ஜியத்திலிருந்து சரக்கு வாங்க வந்த யூத பையர் ஒருவர், தான் போட்டிருந்த மாதிரியே இன்னொரு நாலு முனை உள்பனியனைப் பையிலிருந்து எடுத்து, அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். முனைக்கு எட்டு நூல், முடிச்சுப் போட்டுத் தொங்கியது. கடவுளின் கட்டளைகள் மறந்துபோகாமல் இருக்க அவர்கள் அணிகிற நூல். பனியன் ஊரில் தொங்குகிற நூலுக்கு ஒரே பெயர்தான்: பிசிறு. கண்டால் செக்கிங் மேசையில் நறுக்கிவிடுவார்கள். மத்தியானம் கந்தவேல் செக்கிங் மேசைக்குப் போனபோது நாலு முனையும் ஒட்ட நறுக்கப்பட்டு, பனியன் மருதாள் என்ற செக்கிங் பெண்ணின் கையில் இருந்தது. அறுபது பேர் பார்க்க அவளைத் திட்டி, அப்போதே கேட்டுக்கு வெளியே அனுப்பினார்.

சாயங்காலம் வந்த பையர் கோபித்துக்கொள்ளவில்லை. வேஸ்ட் கூடைக்கு முன்னால் மண்டியிட்டு, நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டார். இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம் என்றார். அந்த மனிதர் மண்டியிட்டதுதான் இரண்டு பேரையும் பின்னாளில் படிக்க வைத்தது, எழுதவும் வைத்தது.

கந்தவேல் இதைப் பக்குவமாகத்தான் எழுதியிருந்தார். 'செக்கிங் பிரிவில் ஒரு பெண் அறியாமல் நறுக்கிவிட்டார். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது.' இன்று பார்த்தால் 'ஒரு பெண்' மேல் ரோஸ்மேரியின் சிவப்புக் கோடு. ஓரத்தில், 'பெயர் வேண்டும்.'

கந்தவேல் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டி விரலை வைத்தார். "பலர் முன்னால ஒருத்தர் மொகத்த வெளுக்க வெக்கறவன் ரத்தம் சிந்துனவனுக்குச் சமம். யூத குருமாரு சொன்னதுன்னு நீங்க எழுதுன வரிங்க இது."

"நாந்தான் எழுதுனேன். ஒன்பதாம் அத்தியாயமும் நாந்தான் எழுதுனேன்."

அது பாவநிவிர்த்தி நாளைப் பற்றியது. மனிதருக்குச் செய்த தப்பை, அந்த மனிதரிடமே போய் மன்னிப்புக் கேட்காதவரை எந்த உபவாசமும் அழிக்காது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கந்தவேல் கேட்டதற்கு ரோஸ்மேரி அந்தச் சிவப்புக் கோட்டையே விரலால் தட்டினார். தன் மேசைக்குக் கெட்ட பெயர் வந்த ஆத்திரம் இந்த அம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவருக்கு இவ்வளவு வன்மமா?

"மருதாளு எங்க கெடந்து சீரழியறாளோ. அவளப் போயி..."

"பல்லடத்துல மக வீட்டுல இருக்கா. போன ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"பாத்துமா பேரு போடோணுங்கறீங்க?"

"அவகிட்டயே சொல்லிட்டேன். போடுன்னுட்டா. 'அச்சுல பாத்தாத்தான் நம்புவேன்'னு சொல்லுதா."

கந்தவேலுக்குக் காது சுட்டது. பத்தொன்பது வருடம் கழித்து வீடு தேடிப் போய், அந்தப் பாவப்பட்டவள் வாயாலேயே சம்மதம் வாங்கி வந்திருக்கிறார். அட்டைப் பக்கத்தை இழுத்துத் தன் பெயர் மேல் பேனாவை வைத்தார்.

"அப்ப எம்பேர அடிச்சறனுங்க. உங்க பேர்ல மட்டும் வரட்டும். நாளைக்கு எந்தக் கடையில இதப் பாத்தாலும் நான் எழுதலீன்னு சொல்லிக்கறேன்."

மெஷின் நின்றது. அருள்செல்வன் கதவோரம் வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"செத்த பொறுங்க அண்ணாச்சி."

ரோஸ்மேரி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மேல் குனிந்து, அந்த வரியை அடித்து, அதற்கு மேலே நிதானமாக எழுதி, தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

கந்தவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் ரோஸ்மேரி அறியாமல் நறுக்கி, மடிக்கச் சொல்லி மருதாள் கையில் கொடுத்தார். மருதாள் வெளியேற்றப்பட்டபோது வாய் திறக்காமல் நின்றார்.'

ரோஸ்மேரி பேனாவை அவரிடமே திருப்பி நீட்டினார்.

"எம்பேரு ஏறிட்டு அண்ணாச்சி. அடுத்த வரியில 'நிர்வாகம்'னு எழுதியிருக்கீய, அங்க யாரு பேரப் போட?"