ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

சிறைத்துறை அமைச்சரின் கார் ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்குச் சிறை வாசலில் வந்து நிற்கும். அரசு வழக்கறிஞராக இருந்தபோது தானே வாதாடி ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்த தச்சரோடு சதுரங்கம் ஆடத்தான் வருவார்.

"குதிரையை இப்படியா வைப்பாங்க வக்கீலய்யா? அன்னைக்குக் கோர்ட்டுல என்னை மடக்கின மூளை எங்க போச்சு?"

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். வாரம் முழுக்க அவர் காதில் விழுவதெல்லாம் "சரிங்கய்யா" மட்டும்தான். அலுவலகத்தில் யாரோடு ஆடினாலும் வேண்டுமென்றே தோற்றுவிடுகிறார்கள். மனைவி போனபின் வீட்டில் அதட்டக்கூட ஆளில்லை.

"மக போன் பண்ணுச்சா?" என்று கேட்டார் தச்சர்.

"வேலை அதிகமாம்."

"நீங்களே பண்ண வேண்டியதுதானே? பதவி என்ன, கையைக் கட்டியா போட்டிருக்கு?"

மணி அடித்தது. தச்சர் காய்களைப் பெட்டியில் அடுக்கினார்.

"என் விடுதலை மனு என்னாச்சுங்கய்யா? பேத்திக்குத் தொட்டில் செய்யணும்னு இருந்தேன். அது இப்ப நடக்கவே ஆரம்பிச்சிருச்சாம்."

"முதல்வர் மேசையில தூங்குதுப்பா. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"நீங்க இருக்கிறப்ப எனக்கென்ன கவலை!"

காரில் ஏறியதும் உதவியாளர் கோப்பு ஒன்றை நீட்டினார்.

"தச்சரோட விடுதலைக் கோப்புங்கய்யா. முதல்வர் சம்மதிச்சுப் பதினொரு மாசமாச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

அமைச்சர் பேனாவைத் திறந்தார். பின்கண்ணாடியில் சிறை வாசல் சிறிதாகிக்கொண்டே போனது. பேனாவை மூடினார்.

"அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்."

"சரிங்கய்யா" என்றார் உதவியாளர்.