வரிசையில் நின்றவர்

டெக்சஸில் எங்கள் ஊர் கவுன்சில் தேர்தலில் டீட்டர் ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டார். வெற்றி விழா அவருடைய திராட்சைத் தோட்டத்தில். கையில் அவரே தயாரித்த வைனோடு கிங்மேக்கர் மாதிரி நின்றிருந்தேன்.

டீட்டர் ஜெர்மன்காரர். நானும் அவரும் ஒரே வருடம் அமெரிக்கா வந்து, ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவர் சீக்கிரமே வேலையை உதறிவிட்டுத் தோட்டம் போட்டார். நான் அந்த நாற்காலியைக் காலி செய்யவே இல்லை.

"வெயில்ல வீடு வீடா கேன்வாஸ் பண்ணது நீங்க, ஸ்பீச் எழுதினது நீங்க. பேசாம நீங்களே நின்னிருக்கலாமேண்ணே?" என்றான், இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஷைன்.

"நமக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாதுப்பா."

என் மனைவி ரெனிஷாவுக்குப் புரையேறியது.

மேடையில் டீட்டர் முழங்கினார். "நானும் குடியேறி வந்தவன்தான். ஆனால் வரிசையில் நின்று, என் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தவன்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. நான் எழுதிக் கொடுத்த வசனம் ஆயிற்றே!

இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஒரே ஓட்டு, செல்வின்! அது உன் ஓட்டுதான்!"

ஈயென்று இளித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ரெனிஷா கேட்டாள். "ஜெர்மன்காரர்ங்கிறதால அவருக்கு ஒண்ணரை வருஷத்துல கிரீன் கார்டு வந்துடுச்சு. வரிசை, பொறுமைன்னு அவருக்குப் போய் எப்படிங்க அவ்வளவு உருக்கமா எழுதினீங்க?"

பதினெட்டு வருடமாக அதே கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவனுக்கு எழுத வராதா? ஓட்டுரிமைதான் இன்னும் வரவில்லை.