முன்னோர் குப்பை

சோபாவில் மாப்பிள்ளை வேலவன், பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா அங்கயற்கண்ணி, எதிரே முக்காலியில் பெண்ணின் அப்பா சங்கரபாண்டி, சமையலறை வாசலில் கேசரித் தட்டோடு முத்தரசி. வேலவனைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா கடல் துப்புரவு வண்டி வந்து நிற்க வேண்டும்!

"உங்க கொள்ளுத்தாத்தா கடல்ல போட்டது. நீங்கதான வாரிசு? கையெழுத்துப் போடுங்க" என்று நாலு மூட்டை பிளாஸ்டிக்கைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார் வண்டிக்காரர்.

அப்பாவின் முகம் கறுத்தது. நாறும் மூட்டைகளைப் பார்த்த முத்தரசிக்குக் கண் கலங்கியது. சம்பந்தம் போச்சு.

அங்கயற்கண்ணி ஒரு மூட்டையைப் பிரித்து எட்டிப் பார்த்தாள். "நாலுதானா? எங்க மாமனார் வழியில மாசம் ஒரு லாரி வருது, அண்ணாச்சி. குப்பையே இல்லாத வீட்டுல பொண்ணெடுத்தா நம்மள மதிப்பாவளோன்னு பயந்துட்டே வந்தேன்!"

"கேசரி எடுத்துக்கோங்க, அத்தை" என்று சிரித்தாள் முத்தரசி.

தேதி குறித்த கையோடு வேலவன் துப்புரவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான்: இரண்டு வீட்டு முன்னோர் குப்பையும் இனி எங்கள் ஒரே விலாசத்துக்கு வரட்டும்.

முத்தரசி அதை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "முகூர்த்தத்தன்று மட்டும் வேண்டாம்." பிறகு உறையை அழுத்தி ஒட்டி, தானே போய்த் தபாலில் சேர்த்தாள்.