எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

கழுதை விழுந்தது எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்.

சக்கூர் நின்றது இந்தப் பக்கம். நடுவே பத்தடிகூட இல்லை.

கழுதை அசரியேலுடையது. இடுப்பில் கத்தியோடு அதன் தலைமாட்டில் நின்றிருந்தான். வருஷக்கணக்காக இந்தக் கல்லருகே வந்து காத்துக் கிடக்கிறவன். அவன் தம்பி யாமினும் சக்கூரும் ஒன்றாக விறகு வெட்டப் போன நாளில், சக்கூரின் கோடரி காம்பை விட்டுக் கழன்று பறந்தது. யாமின் அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதனால்தான் அடைக்கலப் பட்டணமான எப்ரோனில் இடம். கல்லுக்கு உள்ளே இருக்கும்வரை யாரும் அவனைத் தொடக்கூடாது. தாண்டினால் அசரியேல் வெட்டலாம், கேட்பாரில்லை.

எருசலேம் தேவாலயத்தின் பிரதான ஆசாரியர் கண்ணை மூடினால்தான் விடுதலை. அன்றோடு பழி தீர்ந்தது. அடைக்கலம் புகுந்தவர்கள் எல்லோரும் பயமில்லாமல் வீட்டுக்குப் போகலாம்.

தன் பிள்ளை சாக வேண்டுமென்று இவர்கள் ஜெபம் பண்ணிவிடுவார்களோ என்று பயந்து, ஆசாரியரின் தாயார் வாராவாரம் ரொட்டி அனுப்புவாள். கெட்டிக்காரக் கிழவி. தின்ற வாயால் எப்படிச் சபிப்பது? நேற்று ரொட்டி வரவில்லை. கொண்டுவருகிறவன் குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பான் என்று திட்டிக்கொண்டே பட்டினியாகப் படுத்தார்கள்.

கழுதை மூச்சுக்குத் தவித்தது. வயிற்றுப் பட்டை நெஞ்சுக்கு ஏறி இறுக்கியிருந்தது.

பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டால், பார்க்காத மாதிரிப் போகக் கூடாது. அவனோடு கூட நின்று தூக்கிவிட வேண்டும். கட்டளை அது. எல்லைக் கல்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

சக்கூருக்கு ஆத்திரமாக வந்தது. கர்த்தர் மேல்தான். உயிர் பிழைக்க ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டு, அதைவிட்டு வெளியே வரச்சொல்லிக் கட்டளையும் கொடுப்பாரா ஒருவர்?

"என்னடா பாக்கறே? உன்னைப் பகைக்கறவன்தானே நான்? சட்டம் தெரியுமில்ல?" என்றான் அசரியேல்.

"தெரியும்ணே."

அண்ணே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவான்.

அசரியேலுக்குப் பயந்து இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. அவனுக்குப் பயந்து கர்த்தரையும் ஏமாற்ற முடியுமா? சக்கூர் கல்லைத் தாண்டினான்.

அசரியேல் கத்தியை எடுக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சக்கூர் மண்டியிட்டு மூட்டைக்கு அடியில் கை கொடுத்தான். கோதுமையாக இருக்கும் என்று நினைத்தான். விரலில் தட்டுப்பட்டது கல். மூட்டை முழுக்கக் கல்.

கல்லைச் சுமந்துகொண்டு எவன் எப்ரோனுக்கு வருவான்? தன்னை வெளியே இழுக்கத்தான் இந்த வாயில்லா ஜீவனை விழத்தட்டியிருக்கிறான். இப்போது எழுந்து ஓடினால்கூடத் தப்பிவிடலாம்.

கழுதை முனகியது.

"அந்தப் பக்கம் பிடிண்ணே. ஒத்தை ஆளா முடியாது."

குனிந்திருந்தவனின் பிடரி அசரியேலுக்கு நேராக இருந்தது. உறையிலிருந்து கத்தி வருகிற சத்தம் கேட்டது. சக்கூர் கண்ணை மூடிக்கொண்டான். மூட்டையை மட்டும் விடவில்லை.

கத்தி வயிற்றுப் பட்டையை அறுத்தது. கற்கள் உருண்டன. கழுதை தடுமாறி எழுந்து உடம்பை உதறியது.

அசரியேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பொழுது சாயறதுக்குள்ள இங்கே சேதி வந்துடும். அதுக்கு முன்னாடி உன்னை முடிச்சுடணும்னுதான் எருசலேம்லேருந்து ஓடி வந்தேன்" என்றான். கத்தியைத் தூர எறிந்தான். "நேத்து ரொட்டி வரலையே, ஏன்னு உங்கள்ல ஒருத்தனும் யோசிக்கலையாடா?"