கடைசிப் பெட்டி

“கார்டு இல்லாத கூட்ஸ் வண்டி என் தண்டவாளத்துல ஓடாது. வேணும்னா என்னைத் தள்ளிட்டு ஓட்டிக்கோங்க” என்று மேசையைத் தட்டினார் தலைவர். தட்டிய வேகத்தில் ஒரு மலை ஆடியது. பாலத்தருகே மேய்ந்துகொண்டிருந்த பசுக்கள் குப்புற விழுந்தன.

பசுக்கள் பிளாஸ்டிக், மலை தெர்மோகோல். மரச்சாமான் கடையின் மாடிக் கூடத்தை அடைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடியது அந்தப் பொம்மை ரயில். ஆனால் அந்தச் சங்கத்தில் ‘பொம்மை’ என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. ‘மாடல்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மூலை நாற்காலியில் இருந்த கார்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிஜ ரயிலின் நிஜ கார்டு. கூட்ஸ் வண்டியின் வாலில் மாட்டிய கார்டு பெட்டியில், கொடியும் விளக்குமாகப் பாதி ஆயுளைக் கழித்தவர்.

அடுத்த மாதம் முதல் கூட்ஸ் வண்டிக்குக் கார்டு தேவையில்லை, கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கை மாட்டினால் போதும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மூத்த பெண்ணை இப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தார்.

“வீட்டுல மோட்டுவளையைப் பார்த்துட்டு உட்காராதீங்க அத்தான்” என்று அவரை இங்கே இழுத்து வந்தவன் மச்சினன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். வந்த இடத்திலும் அதே கார்டு, அதே விளக்கு என்றால் மனிதர் எங்கேதான் போவார்.

சங்கத்தில் இரண்டு கட்சி. மச்சினன் விளக்குக் கட்சி. நிஜ ரயிலிலேயே கார்டைத் தூக்கப் போகிறார்கள், நாம் மட்டும் அந்த ஓட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று கேட்டான். பக்கத்திலேயே அத்தான் இருக்கிறாரே என்ற கூச்சம்கூட அவனுக்கு இல்லை.

தலைவர் ஊருக்குப் புதியவர். அவர் கூடவே கொண்டுவந்த எஞ்சின்களைப் பார்த்த அன்றே தலைவராக்கிவிட்டார்கள். வெளியே யார் என்ன வேலை பார்க்கிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பதவியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம்.

அவர் அந்தச் சிவப்பு விளக்கின் வண்டவாளத்தை எடுத்துவிட்டார். மழை பெய்தால் பேட்டரி படுத்துவிடும், வளைவில் கொக்கி கழன்றுகொள்ளும், அதுவும் இடப்பக்கக் கொக்கி. கார்டு அசந்துபோனார். அவருடைய டிப்போவுக்கு வந்த விளக்குகளை இன்னும் யாரும் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இதற்கும் ஏதாவது புத்தகம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு தலைவர் விரல் நுனி அளவில் இருந்த ஒரு பொம்மை கார்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

“இவரைப் பாருங்க. ரெண்டு பொண்ணு, தீராத இடுப்பு வலி. எந்த மழையிலயும் கொடியைக் கீழ போட்டதில்ல. இவரை இறக்கிவிட்டா எங்க போவார்?”

குரல் தழுதழுத்தது. கார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் இடுப்பு வலிதான். இத்தனை வருஷத்தில் ஒரு ஜீவன் அதை விசாரித்ததில்லை.

கை தூக்கச் சொன்னதில் பொம்மை கார்டு அமோகமாக ஜெயித்தார், விளக்குக் கட்சி மண்ணைக் கவ்வியது. தலைவர் கார்டு பெட்டியைத் தன் கையாலேயே வண்டியின் கடைசியில் மாட்டி, விசிலை நிஜ கார்டிடம் நீட்டினார். “நீங்க ஊதுங்க சார். உங்களைவிடத் தகுதியான ஆள் இங்க யாரு?” என்றார். கார்டு ஊதினார், வண்டி கிளம்பியது, எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் கார்டு வாசலில் காத்திருந்தார். இப்பேர்ப்பட்ட மனிதர் ஒருவர் பரிந்து பேசினால் பிழைப்பு தப்பிவிடும் என்று அவர் மனம் அடித்துச் சொன்னது. ஷூ மாட்டிக்கொண்டிருந்த தலைவரிடம், உத்தரவு வந்ததையும், நாளைக் காலையில் கார்டுகள் எல்லோரும் சேர்ந்து புது ஆபீசரைப் பார்த்துக் கெஞ்சப் போவதையும் சொன்னார்.

“நீங்களும் வந்து, உள்ள பேசினதை அப்படியே அவர்கிட்ட பேசணும் சார். அவருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குமில்ல?”

தலைவர் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். உள்ளே இருந்த ‘சார்’ உள்ளேயே தங்கிவிட்டிருந்தது.

“காலையில வராதீங்கப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு. எப்ப வந்தாலும் நான் கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.”

கார்டு, உள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருந்த வண்டியின் பக்கம் கையைக் காட்டினார்.

“அப்ப, கார்டு இல்லாத வண்டி ஓடாதுன்னு மேசையைத் தட்டினீங்களே சார்?”

தலைவர் அவரை, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்த்தார்.

“நீ சொல்றது நிஜ ரயில்தானேப்பா?”