எங்க ஆலைக்கும் சிவப்பு

"எங்க ஆலை மேல மட்டும் ஏன் வெளிர் மஞ்சள்? நாங்க என்ன பாவம் பண்ணினோம்? நல்ல அடர் சிவப்பாப் போடுங்கம்மா, அப்பத்தானே நஷ்டஈடு கிடைக்கும்!"

பழைய இரும்பை உருக்கும் ஆலையின் முதலாளி மேஜையைத் தட்டினார். பக்கத்தில் கறுப்புக் கோட்டில் அவருடைய மருமகன், வக்கீல். "மாமா சொல்றது சட்டப்படி சரி" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசியது இது ஒன்றுதான். இத்தோடு நாலாவது தடவை.

எதிரே இருந்தவர் காற்று ஆய்வு மையத்தின் விஞ்ஞானி. மூன்று வாரத்துக்கு முன் பதினோரு ஊர்களின் காற்றில் கதிர்வீச்சுத் தூசி சிக்கியது. பள்ளிகளை மூடினார்கள், கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். பக்கத்து அணுமின் நிலையம்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து அந்தத் தூசியின் பாதையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரைபடமாக்குவதுதான் அவருக்கு வேலை. வீட்டுக்குப் போவது குளிக்க மட்டும்.

"சிவப்பு கேட்டாக் கிடைக்காதுங்க. அந்த இடத்துல எடுத்த அளவு வேணும்."

"அப்படிக் கேளுங்க! மாப்ள, எடுங்க அதை."

வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"எங்க புகைபோக்கி வடிகட்டியில சேர்ந்த தூசி. தனியார் ஆய்வகத்துல குடுத்து எழுதி வாங்கினது. உங்க பதினோரு ஊரையும் ஒண்ணாச் சேர்த்தாக்கூட இதுக்குக் கிட்ட வராது!" மகன் முதல் மார்க் வாங்கிய பூரிப்பு முதலாளி முகத்தில்.

படித்ததும் விஞ்ஞானி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னிக்கு எடுத்தது?"

"அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, வடிகட்டியைச் சுத்தம் பண்ணினப்ப. ஊருக்கெல்லாம் புதன்கிழமைதானே வந்துச்சு? எங்களுக்கு முந்தின நாளே வந்தாச்சு. கேட்ல பழைய இரும்பு லாரியைச் சோதிக்கிற கதிர்வீச்சு மெஷின் காலையிலேருந்து கத்து கத்துனு கத்துச்சு. தொல்லை தாங்காம நான்தான் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன்."

"வேலை செய்றவங்க எப்படி இருக்காங்க?"

"உலைகிட்ட நிக்கிற ரெண்டு பேருக்குக் கையெல்லாம் வெந்து போச்சு. ஒருத்தனுக்கு ஓயாம வாந்தி. கேஸுக்கு எவ்வளவு பலம் பாருங்க!"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"நஷ்டஈடு வரட்டும்மா, ராஜவைத்தியமே பண்ணிடலாம்."

விஞ்ஞானி அந்த இருவரின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, போனை எடுத்து ஆம்புலன்ஸை அனுப்பச் சொன்னார்.

"அரசாங்கமே வண்டி அனுப்புது! குறிச்சுக்கோங்க மாப்ள."

"மாமா சொல்றது சட்டப்படி..."

விஞ்ஞானி எண்களைத் தட்டினார். ஐந்து நிமிடம் கம்ப்யூட்டர் முனகியது. திரை முழுக்கக் கலைந்து கிடந்த நிறங்கள் மெல்லச் சுருங்கி, ஆலையின் மேல் ரத்தச் சிவப்பாய் ஒரே புள்ளியில் வந்து நின்றன.

"அட்ரா சக்கை!" முதலாளி செல்போனில் படம் எடுத்தார்.

"நீங்க குடுத்த விவரமெல்லாம் உண்மைன்னு இதுல ஒரு கையெழுத்து வேணும்."

"ஒண்ணென்னம்மா, ஒம்பது போடறேன்!" போட்டார். மருமகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"சரி, இந்தப் படத்தை வச்சு அந்த அணுமின் நிலையத்துக்காரங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தா, தீர்ப்பு எப்ப வரும்?"

"அந்த நிலையத்தைப் பழுதுபார்க்க மூடி ஆறு மாசம் ஆச்சுங்க" என்றார் விஞ்ஞானி. "இது தூசி எங்கே போச்சுன்னு காட்டுற படம் இல்ல. காத்தைக் கணக்குல பின்பக்கமா ஓட்டி, தூசி எந்த உலையிலேருந்து கிளம்புச்சுன்னு காட்டுற படம். பழைய இரும்போட வந்த ஏதோ கதிர்வீச்சுப் பொருளை உருக்கிட்டீங்க. மூணு வாரமா நாங்க தேடின ஆள் நீங்கதான்."