எண்ணெய் விலை ஏறாது

"இந்தா சாவி. நாளையிலேருந்து நீயே மில்ல நடத்து."

இராமலிங்கம் சாவிக்கொத்தைப் பொன்னியின் காலடியில் போட்டார். அவள் தொடவில்லை. அவளுக்குப் பின்னால், மல்லாட்டைக் கடலை புடைக்கும் பெண்கள் முறத்தைக் கவிழ்த்துவிட்டு நின்றிருந்தார்கள்.

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. எண்ணெய் மில் ஓயாமல் ஓடுகிற நேரம். கூலி ஏற்றிக் கேட்க இதை விட்டால் வேறு நாள் கிடையாது.

"அஞ்சு ரூபா ஏத்தறதுக்கு சாவி எதுக்குங்க? பஸ் சார்ஜ் ஏறிப்போச்சு. என் பொண்ணு கவியாவ பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தச் சொல்றீங்களா?"

"எங்கேருந்து ஏத்தறது? மலேசியா பாமாயில் கப்பல் கப்பலா வந்து எறங்குது. நம்ம எண்ணைய எட்டணா ஏத்துனாலும் எவனும் சீந்த மாட்டான்."

"அத நீங்க சொல்றீங்க."

"நம்பிக்க இல்லையா? காசி கடைக்கு வா. உன் காதால கேளு."

வாயால் சொன்னதை நம்புகிற ஆள் இல்லை பொன்னி. முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தேரடித் தெருவில் காசியின் எண்ணெய்க் கடை. இராமலிங்கத்தைப் பார்த்ததும் காசி எழுந்து, தன் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான். கேட்காமலே டீ வந்தது. பொன்னி படியில் நின்றாள்.

"காசி, நம்ம மல்லாட்ட எண்ண லிட்டருக்கு ரெண்டு ரூபா ஏத்திக்கலாமா?"

"தாராளமா ஏத்துங்க. ஏத்திட்டு டின்னையும் தூக்கிட்டுப் போயிடுங்க." காசி மூலையைக் காட்டினான். அங்கே அடுக்கியிருந்த டின்கள்மேல் தூசி படிந்திருந்தது. "பாமாயில் பாதிக்குப் பாதி கம்மி. ஜனங்க அதுலதான் வட சுட்டு சாமிக்கே படைக்குது."

"கேட்டுக்கினியா?" என்று இராமலிங்கம் திரும்பினார்.

பொன்னி அந்தத் தூசியையே பார்த்தாள். இந்த வேலையும் போனால் கவியாவுக்குப் பள்ளிக்கூடம் மட்டுமா போகும்?

"சரிங்க மொதலாளி. பழைய கூலிக்கே வர்றோம். ஆள மட்டும் நிறுத்திடாதீங்க."

"பாக்கலாம்."

பாதி டீயை வைத்துவிட்டு இராமலிங்கம் வேகமாகப் படியிறங்கினார். காசி விடவில்லை. பொன்னியைத் தாண்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான்.

"மொதலாளி, உங்க குடோன்லேருந்து அடுத்த லோடு பாமாயில் எப்ப அனுப்புவீங்க?"